ஏவுகணை அல்ல, மரக்கட்டை காப்பாற்றிய போர்க்கப்பல் | ரொபர்ட்ஸ் ஃபிரிகேட்டின் கதை

வணக்கம் உறவுகளே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நோர்வூட் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தேயிலை மலையில் நின்றுதான் பேசுகிறேன். மலையில் பிறந்தவனுக்கு எதற்குக் கப்பல் கதை என்று சிலர் கேட்கிறீர்கள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் சலித்துப் போயிருக்கும். எனக்கு இன்னும் சலிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் இலங்கைக் கடற்படையின் பராக்கிரமபாகு கப்பல் பற்றி முன்பு ஒரு வீடியோ போட்டேன். சீனக் கடற்படையில் ஓடி, 2019இல் நமக்கு வந்து சேர்ந்த ஃபிரிகேட். அந்த வீடியோவுக்குக் கீழே கேட்ட பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அண்ணே, அதில் என்ன ஏவுகணை இருக்கிறது?" ஏவுகணைப் பைத்தியம் நம் பையன்களை விடமாட்டேன் என்கிறது. அதனால் இன்றைக்கு, பொத்தலாகிப் போன ஒரு ஃபிரிகேட்டை அதன் மாலுமிகள் மரக்கட்டையையும் இரும்புக் கம்பியையும் வைத்துக் காப்பாற்றிய கதையைச் சொல்கிறேன். கப்பலின் பெயர் சாமுவேல் பி. ரொபர்ட்ஸ். அமெரிக்கக் கப்பல்.

ஃபிரிகேட் என்றால் பெரிய மகாராஜா கப்பல் கிடையாது. மற்றக் கப்பல்களுக்குத் துணையாகப் போவது, நீர்மூழ்கி தேடுவது, எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் நிற்பது, இதுதான் அதன் தினசரி வேலை. ரொபர்ட்ஸ் 'ஒலிவர் ஹசார்ட் பெரி' வகுப்பைச் சேர்ந்தது. மலிவாகக் கட்டு, நிறையக் கட்டு என்ற கணக்கில் 1970களில் வரைந்த வடிவம் அது. அமெரிக்கக் கடற்படைக்கு மட்டும் 51 கப்பல். நீளம் 138 மீற்றர், எடை ஏறக்குறைய 4,000 தொன், ஆட்கள் 200 பேர் அளவில். எரிவாயுச் சுழலி எஞ்சின் இரண்டு, ஆனால் தண்ணீருக்குள் சுழன்று கப்பலைத் தள்ளுகிற விசிறி ஒன்றுதான். அந்த ஒற்றை விசிறியை வைத்தே பலர் இந்தக் கப்பலைக் கேலி செய்திருக்கிறார்கள்.

1986 ஏப்ரலில் இது சேவைக்கு வந்தது. பெயருக்கு உரியவர் இரண்டாம் உலகப் போரில், 1942இல், பசிபிக் தீவான குவாடல்கனாலில் உயிர்விட்ட ஒரு சாதாரண படகோட்டி மாலுமி. தளபதி, அட்மிரல் யாரும் இல்லை. இதே பெயரில் இதற்கு முன்பும் ஒரு கப்பல் இருந்தது. 1944 அக்டோபர் 25இல், பிலிப்பீன்ஸின் சமார் தீவுக்கு அருகே, ஏறக்குறைய 70,000 தொன் யமாட்டோ போர்க்கப்பல் உட்பட ஜப்பானின் பெரிய படை ஒன்றை எதிர்த்து நின்ற சின்னக் கப்பல். அது மூழ்கியது. அதன் மாலுமிகளின் பெயர்களைப் பொறித்த வெண்கலப் பலகை ஒன்று புதிய ரொபர்ட்ஸில் மாட்டப்பட்டிருந்தது. இந்தப் பலகை கதைக்குள் மறுபடியும் வரும்.

இப்போது 1988. ஈரானும் ஈராக்கும் எட்டாவது வருடமாக அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் ஒருவர் எண்ணெயை மற்றவர் விற்கவிடக்கூடாது என்று கப்பல்களைத் தாக்கின. குவைத் எண்ணெய்க் கப்பல்களில் அமெரிக்கக் கொடி ஏற்றி, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவல் போயின. இதைப் பார்க்கிற நிறையப் பேர் குவைத்திலும் கத்தாரிலும் டுபாயிலும் வேலையில் இருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்குப் போகத் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் இதெல்லாம் நடந்தது. இன்னொரு தொடர்பும் உண்டு. ஈரானும் ஈராக்கும் நம் தேயிலைக்குப் பழைய வாடிக்கையாளர்கள். ஈரானுக்கு இருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே கொடுத்து அடைக்கலாம் என்று 2021இல் ஒப்பந்தமே போட்டார்கள். ஆக அந்தக் கடலில் குண்டு வெடித்தால், இந்தக் கொழுந்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போகாது.

ரொபர்ட்ஸ் அங்கே போவதற்கு முந்தைய வருடம், 1987 மே 17இல், இதே வகுப்புக் கப்பலான ஸ்டார்க் மீது ஈராக் விமானம் ஒன்று இரண்டு எக்ஸொசெட் ஏவுகணைகளை விட்டது. 37 மாலுமிகள் இறந்துபோனார்கள். ரொபர்ட்ஸின் கப்டன் பால் ரின் இதை மனதில் வைத்திருந்தார். தீயும் வெள்ளமும் வந்தால் என்ன செய்வது என்ற பயிற்சியில் அவர் ஆட்களை விடாமல் பிழிந்தெடுத்தவர். இந்தப் பயிற்சியை மாலுமிகள் ஆசையோடு செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். தூக்கத்தில் மணி அடித்து எழுப்பி, ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடு, கதவைச் சாத்து, கட்டையை அறுத்து முட்டுக்கொடு என்றால் யாருக்கு எரிச்சல் வராது?

1988 ஏப்ரல் 14, பின்னேரம். கப்பல் பஹ்ரைனுக்குக் கிழக்கே, வளைகுடா நடுவில். முன்பக்கம் காவல் நின்ற மாலுமிக்குத் தண்ணீரில் கறுப்பாக மூன்று உருண்டை தெரிகிறது. கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. கடல் கண்ணிவெடி.

அந்தக் கொம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதுதான் பிடித்த பகுதி. கொம்பு ஈயத்தால் செய்தது, கையால் வளைத்தால்கூட வளையும். உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் அமிலம். கப்பலின் அடிப்பாகம் உரசியதும் ஈயம் வளைகிறது, குப்பி உடைகிறது, அமிலம் ஒழுகிக் கீழே உள்ள மின்கலத்தில் விழுகிறது. அதுவரை செத்துக் கிடந்த மின்கலம் உயிர் பெறுகிறது. அந்த மின்சாரத்தில் வெடி வெடிக்கிறது. ரேடாரும் இல்லை, கணினியும் இல்லை. இந்த வகையின் பெயர் எம்-08. 1908இல் ரஷ்யர்கள் வரைந்த வடிவம். 80 வருடப் பழைய யோசனை, உள்ளே 115 கிலோ அளவில் வெடிமருந்து.

ரின் கப்பலை நிறுத்தி, எல்லோரையும் அவரவர் இடத்துக்கு அனுப்பினார். வந்த தடத்திலேயே பின்வாங்கலாம் என்று முடிவு. நல்ல முடிவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள் நின்ற நான்காவது ஒன்று இவர்களுக்காகக் காத்திருந்தது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெடித்தது.

அடிப்பாகத்தில் நாலரை மீற்றர் அகலத்துக்கு ஓட்டை. கப்பலின் முதுகெலும்பான அடித்தண்டு முறிந்தது. எஞ்சின் இரண்டும் தாங்கியிலிருந்து பெயர்ந்தன. புகைபோக்கி வழியே நெருப்பு வானத்துக்குப் போனது. எஞ்சின் அறையும் அடுத்த இயந்திர அறையும் நிரம்பிவிட்டன. மேல்தளக் கட்டடத்தில் விரிசல் விழுந்து, அலை தூக்கும்போது திறந்தும் இறங்கும்போது மூடியும் ஆடியது. அடித்தண்டு முறிந்த கப்பல் சாதாரணமாக இரண்டாகப் போய்விடும்.

இங்கேதான் எங்கள் லயத்தை, தோட்டத் தொழிலாளருக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளை, நினைத்துப் பார்க்கச் சொல்வேன். லயத்தில் ஒரு காம்பராவில், அதாவது அறையில், தீ பிடித்தால் என்ன நடக்கிறது? தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே திறந்து கிடக்கிற இடைவெளியில் தீ நடந்து போகும். முதல் வீட்டில் விளக்குச் சரிந்தால் கடைசி வீட்டு இஸ்தோப்பு, அதாவது திண்ணை, வரை சாம்பல். ஒவ்வொரு வருடமும் செய்தியில் பார்க்கிறோம், உடுதுணியோடு வெளியே நிற்கிற குடும்பங்களை. போர்க்கப்பலில் அந்த இடைவெளி கிடையாது. அடியிலிருந்து மேல்தளம் வரை நீர் புகாத தடுப்புச் சுவர், அதற்குள் இறுக்கிச் சாத்துகிற கதவு. ஒரு காம்பரா போனால் அது மட்டும் போகட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். லயத்தைக் கட்டியவனுக்கு அந்த அக்கறை இருக்கவில்லை. சரி, அது வேறு கதை.

ரொபர்ட்ஸில் இரண்டு அறை போய்விட்டது. மூன்றாவது போனால் கப்பல் இல்லை. மூன்றாவது அறையின் சுவர்தான் இப்போது தண்ணீரின் பாரத்தைத் தாங்கி நிற்கிறது, கசியவும் தொடங்கிவிட்டது. அந்த அறைக்குள் இறங்கியவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். மரக்கட்டையை அளந்து, அறுத்து, சுவருக்கும் எதிர்ப்பக்கத்துக் கட்டமைப்புக்கும் நடுவில் சாய்த்து வைத்து, ஆப்பை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்குகிறார்கள். கிடைத்த துணியைக் கிழித்து ஓட்டையில் அடைக்கிறார்கள். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான கப்பலுக்குள் தச்சு வேலை நடக்கிறது.

மேலே இன்னொரு பிரச்சினை. தீயை அணைக்க அள்ளி ஊற்றுகிற கடல் நீர் எங்கே போகிறது? கப்பலுக்குள்தான். பாரம் ஏற ஏறக் கப்பல் கீழே இறங்குகிறது. தீயை அணைக்கிறேன் என்று தாங்களே கப்பலை மூழ்கடித்துவிடுவோம் என்பது ரின்னுக்குப் புரிந்தது. தீக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்து, முதலில் வெள்ளத்தைப் பார் என்று சொன்னார். எரிகிற கப்பலில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கேட்டவர்கள் குழம்பாமல் செய்ததுதான் அதைவிடப் பெரிய விஷயம் என்பேன். சூடேறுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த வெடிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றி நகர்த்தினார்கள். மேல்தள விரிசலின் இரண்டு பக்கத்திலும் எஃகுக் கம்பி வடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி இறுக்கினார்கள், பிளந்த கட்டடம் மேலும் விரியாமல்.

அந்த ஓட்டத்தில், வெண்கலப் பலகை இருந்த வழியாகப் போன மாலுமிகள் அதைத் தொட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். கோயில் வாசலைத் தாண்டும்போது நம் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறதே, எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தீ அணைந்தது, சுவர் நின்றது. பெரிய எஞ்சின் செத்துப்போனாலும், அடியில் இறக்கக்கூடிய இரண்டு சின்னத் துணை உந்திகள் இந்த வகுப்பில் உண்டு. அதை வைத்து மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் ஊர்ந்து கண்ணிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தார்கள். பத்துப் பேருக்குக் காயம், அதில் நான்கு பேருக்கு மோசமான தீக்காயம். இறந்தவர் ஒருவரும் இல்லை. ரின் மேலிடத்துக்கு அனுப்பிய செய்தியை "இதைவிடப் பெரிய கௌரவம் இல்லை" என்று முடித்தார். அது பழைய ரொபர்ட்ஸின் கப்டன், தன் மாலுமிகளைப் பற்றி அறிக்கையில் எழுதிய சொல்.

அப்புறம் நடந்தது அரசியல், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுழியோடிகள் எடுத்த கண்ணிகளின் தொடர் இலக்கம், முந்தைய வருடம் பிடிபட்ட 'ஈரான் அஜ்ர்' என்ற ஈரானியக் கப்பலில் இருந்த கண்ணிகளின் வரிசையோடு பொருந்தியது. ஏப்ரல் 18இல் அமெரிக்கா ஈரானின் இரண்டு எண்ணெய் மேடைகளை அடித்தது, சஹாந்த் என்ற ஃபிரிகேட்டை மூழ்கடித்தது. சஹாந்தில் மட்டும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களும் ஃபிரிகேட் மாலுமிகள்தான், அதை மறக்கக் கூடாது. ஜூலை 3இல் இன்னொரு அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு விழுத்தியதில் 290 உயிர் போனது. பிறகு 2003இல் சர்வதேச நீதிமன்றம், ரொபர்ட்ஸைத் தாக்கிய கண்ணியை ஈரான்தான் போட்டது என்பதற்கான சான்று வலுவாக இருந்தாலும் முடிவானது இல்லை என்றது. எண்ணெய் மேடைகளை அடித்ததையும் தற்காப்பு என்று ஏற்கவில்லை. ஆகவே யார் சரி என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

ரொபர்ட்ஸால் சொந்தமாக வீடு திரும்ப முடியாது. மைட்டி சேர்வன்ட் 2 என்ற டச்சுக் கப்பல் தன் உடம்பைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, இதை அப்படியே முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தது. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், ஒரு கப்பல் இன்னொரு கப்பலின் மேல் உட்கார்ந்து போகும். மெய்ன் மாநிலத்தில் இதைக் கட்டிய பாத் கப்பல் பட்டறையிலேயே எஞ்சின் அறையை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, 315 தொன்னில் புதிதாகச் செய்த ஒரு துண்டைக் கீழேயிருந்து தூக்கிப் பொருத்திப் பற்றவைத்தார்கள். செலவு 89.5 மில்லியன் டொலர். கண்ணியின் விலை 1,500 டொலர் அளவில் என்பார்கள். இந்தக் கணக்கைப் பார்த்தபின்தான் சின்ன நாடுகள் ஏன் கண்ணியைக் கைவிடுவதில்லை என்று எனக்கு விளங்கியது.

1989 அக்டோபரில் மறுபடியும் சேவைக்கு வந்தது. அடுத்த வருடமே குவைத் போருக்காக அந்தப் பக்கம் போய், செங்கடலில் கப்பல்களை நிறுத்திச் சோதனை போட்டது. அதற்குப் பிறகு பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. ரோந்து, பயிற்சி, ரோந்து. ஒரு போர்க்கப்பலுக்கு அதுதான் நல்ல வாழ்க்கை. 2015 மே 22இல் புளோரிடாவின் மேபோர்ட்டில் சேவையை முடித்துவைத்தார்கள். முறிந்த அடித்தண்டோடு கதை முடிந்திருக்க வேண்டிய கப்பல், அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது.

பழைய ரொபர்ட்ஸையும் 2022 ஜூனில் பிலிப்பீன்ஸ் கடலடியில் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 6,900 மீற்றர் ஆழம். நம் நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையை இரண்டு தரம் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே இறக்கினாலும் உச்சி தண்ணீருக்கு மேலே தெரியாது.

மழை வருகிறது, கெமரா நனைகிறது. அடுத்தது ஸ்டார்க். அந்தக் கப்பலில் 37 பேர் இறந்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், அதையும் மிதக்கவைத்துக் கரை சேர்த்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பேசுவோம். வரட்டா.