வீட்டிலேயே படிக்க வைப்பதா, அரசுப் பள்ளியில் சேர்ப்பதா?

வணக்கம். பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பகல் பொழுதில் பிள்ளையோடு பொறுமையாக உட்கார வீட்டில் யார் இருக்கிறார்கள்? பாடப்புத்தகத்தையும் இணையவழி வகுப்பையும் எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். உட்கார ஆள் இல்லாத வீட்டில் ஹோம்ஸ்கூலிங் என்பது பிள்ளையைக் கைபேசியோடு தனியே விடுவதில்தான் போய் முடியும்.

ஆள் இருக்கும் வீட்டில் அது நன்றாகவே நடக்கிறது. எட்டு வயதாகும் எங்கள் மகள் பின்னத்தைக் கற்றுக்கொண்டது மாவுக்கு ஊறப்போடும்போதுதான். நான்கு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்றால் மூன்று ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு என்று கேட்டதும், முக்கால் என்ற சொல் வாயில் வருவதற்கு முன்பே, ஆழாக்கின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்து அளவைக் காட்டினாள். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒரு பிள்ளையின் விரலுக்காக அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அது அவருடைய குறையும் அல்ல.

ஆனால், வெவ்வேறு தெருக்களிலிருந்து, வெவ்வேறு சாதிகளிலிருந்து வரும் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை எந்த வீடும் கற்றுத்தர முடியாது. எனக்கு இது மிகப் பெரிய விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது? 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 10ஆம் பிரிவில் கூறுகிறது. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வை, 14 வயது நிறைந்தபின், என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம்.

தமிழ்நாட்டில் கணக்கு மாறுவது ஆறாம் வகுப்பில்தான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, அடுத்த ஆண்டே பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. உயர்கல்வி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இவையெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததை அடிப்படையாகக் கொண்டவை; அந்த ஏழு ஆண்டுகளையும் வீட்டிலேயே கழித்த பிள்ளைக்கு இவை கிடைக்கமாட்டா. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டிய குடும்பம் இதை எண்ணிப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

எனவே என் கருத்து இதுதான்: வீட்டில் சொல்லித்தர ஆள் இருந்தால், தொடக்க வகுப்புகளை வீட்டில் நடத்துங்கள், ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கு முந்தைய ஓராண்டாவது, கேள்வித்தாளைப் படித்து, நேரத்துக்குள் கையால் எழுதி முடிக்கும் பழக்கத்தைத் தினமும் கொடுங்கள்; வீட்டில் வாய்மொழியாகவே எல்லாவற்றுக்கும் விடை சொல்லிப் பழகிய பிள்ளைகள் திணறுவது இந்த ஓர் இடத்தில்தான்.

சேர்க்கைக்குப் போகும்போது டி.சி. கேட்பார்கள். எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளைக்கு அது இருக்காது. அத்தகைய பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிரிவைச் சொல்லித் தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்.