நூர்பர்க்ரிங்கில் கோல்டு: 20 கிலோமீட்டரை எப்படிப் பிடிப்பது?

[திரையில்: காட்டுக்கு நடுவே ஒரு குறுகிய சாலை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்வை. இன்ஜின் சத்தம் மட்டும்.]

வணக்கம். கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய வீடியோ கேமை விளையாடுகிறவர்கள் இந்தச் சாலையைப் பார்த்ததுமே அடையாளம் கண்டிருப்பீர்கள். ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் இருக்கும் நூர்பர்க்ரிங். அதிலும் அதன் பழைய வடக்குச் சுற்று, நார்ட்ஷ்லைஃபே. கேமில் சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு டிராக்கையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு செக்டாருக்கும் பிரான்ஸ், சில்வர், கோல்டு என நேரம் வைத்திருப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு முழுச் சுற்று ஒன்று. நான்கு சக்கரமும் டிராக்கை விட்டு வெளியே போனால் அந்த முயற்சி அத்தோடு முடிந்தது.

மற்ற டிராக்குகளில் இது ஒரு மாலை நேர வேலை. நார்ட்ஷ்லைஃபேவில் எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தைத்தான் இந்த வீடியோவில் சொல்லப்போகிறேன். கோல்டுக்குத் தேவையான நேரம், பயமுறுத்தும் வளைவுகளில் கிடைப்பதில்லை. அவை முடிந்து சாலை நீளும் இடங்களில்தான் கிடைக்கிறது.

[திரையில்: டிராக்கின் வரைபடம், மேலிருந்து.]

முதலில் இதன் அளவைப் பாருங்கள். ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் டிராக்குகள் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும். இது 20.8 கிலோமீட்டர். 73 வளைவுகள் என்பது வழக்கமான கணக்கு. மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயர வித்தியாசம். 1927-ல் திறந்தார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்கு வைத்த பெயர் ‘பச்சை நரகம்’. 1968-ல் மூடுபனியிலும் மழையிலும் அவர் இங்கே ஜெயித்தபோது, இரண்டாவதாக வந்தவர் 4 நிமிடத்துக்கும் மேல் பின்னால் இருந்தார். 1976-ல் இன்னொரு ஓட்டுநரான நிக்கி லாடாவின் கார் தீப்பிடித்த விபத்துக்குப் பிறகு ஃபார்முலா ஒன் இந்தச் சுற்றுக்குத் திரும்பவே இல்லை.

இந்த கேமை உருவாக்கிய கஸுனோரி யமாவுச்சி, இங்கே நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் தானே கார் ஓட்டியவர். 2011-ல் தன் அணியோடு அவருடைய பிரிவில் முதலிடமும் பிடித்தார். கேமில் இந்தச் சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் கையில் தட்டுப்படுவதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, மனப்பாடத்துக்கு வருவோம். 73 வளைவுகளையும் வரிசையாக மனப்பாடம் செய்யப் பார்த்தால் நடக்காது. நான் முயன்று பார்த்தேன். பாட்டை நாம் சொல் சொல்லாகவா நினைவில் வைக்கிறோம்? முதல் அடி வந்ததும் அடுத்த அடி தானாக வருகிறது. இங்கேயும் அப்படித்தான். எங்கே பிரேக் பிடிக்கிறோமோ அந்த இடங்களை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆரெம்பெர்க், ஆடெனாவர் ஃபார்ஸ்ட், காலென்ஹார்ட், வேர்ஸைஃபென், பெர்க்வெர்க், காருசெல் என்று எண்ணினால் பெரிய பிரேக்குகள் ஒரு கைவிரல் கணக்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நடுவில் வருவதெல்லாம் இவற்றைச் சேர்க்கும் சாலை. அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. பெயர் வந்துவிட்டால் இடம் வந்துவிடும்.

[திரையில்: ஃபுக்ஸ்ரோரே இறக்கம். வேகமானி ஏறுகிறது.]

இப்போது அதிகம் பேர் தோற்கும் இடம். ஃபுக்ஸ்ரோரே ஒரு நீண்ட இறக்கம். கார் பள்ளத்தின் அடியில் போய் அழுந்தி, உடனே மேலே ஏறும். அந்த அழுத்தத்தில் டயருக்கு நல்ல பிடி கிடைப்பதால், இதே வேகத்தில் போய்விடலாம் என்று தோன்றும். ஏற்றம் முடியும் இடத்தில் எதிரே ஒன்றும் தெரியாது. அங்கேதான் ஆடெனாவர் ஃபார்ஸ்ட் ஒளிந்திருக்கிறது. இறுக்கமான ஓர் இடது, ஒட்டியபடியே ஒரு வலது. தெரியாதவர்கள் நேராகப் புல்லுக்குள் போவார்கள். நிஜத்தில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு இங்கே வருகிறவர்களும் இதே இடத்தில்தான் புல்லில் இறங்குகிறார்கள்.

நான் இங்கே மட்டும் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் பிரேக்கை இன்னும் கொஞ்சம் தாமதமாகப் பிடித்தால் நேரம் மிச்சமாகும் என்று நினைத்தேன். ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

[திரையில்: கையால் எழுதிய கணக்கு, அருகில்.]

மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 50 மீட்டர். பிரேக்கை 5 மீட்டர் தாமதமாகப் பிடித்தால், அதிகபட்சம் எனக்குக் கிடைப்பது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்காக முழு முயற்சியையும் பணயம் வைக்கிறேன்.

இப்போது மறுபக்கம். 2 கிலோமீட்டர் நீளமான ஒரு பாதை. 180-ல் கடந்தால் 40 விநாடி. 175-ல் கடந்தால் 41.1 விநாடி. வளைவிலிருந்து வெளியே வரும்போது வெறும் 5 கிலோமீட்டர் வேகம் குறைந்திருந்தால், ஒரு விநாடிக்கு மேல் போய்விடுகிறது. நிஜத்தில் போகப்போக அந்த இடைவெளி சுருங்கும், அதனால் முழு விநாடி போகாது. பாதி போனாலும் என்ன? ஐந்து வளைவுகளில் உயிரைக் கொடுத்துச் சேர்த்தது ஒரே வெளியேற்றத்தில் காலி.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நான் ஓட்டும் விதமே மாறிவிட்டது.

நார்ட்ஷ்லைஃபேவில் இப்படிப்பட்ட வெளியேற்றங்கள் இரண்டு. ஒன்று பெர்க்வெர்க், இன்னொன்று கால்கென்கோப்ஃப்.

[திரையில்: பெர்க்வெர்க். மெதுவான வேகத்தில்.]

பெர்க்வெர்க்கில் கொஞ்சம் நிற்போம். இது வலது பக்கம் திரும்பும் இறுக்கமான வளைவு. இதற்குச் சற்று முன்னால் வரும் இடது வளைவில்தான் லாடாவுக்கு விபத்து நடந்தது. இதைத் தாண்டியதும் கெஸ்ஸல்ஷென் ஏற்றம். வெகுதூரத்துக்கு ஆக்ஸிலரேட்டரிலிருந்து விரலை எடுக்க வேண்டியதே இல்லை. ஏற்றம் என்பதால், இழந்த வேகத்தைத் திரும்பச் சேர்ப்பதும் கஷ்டம். சின்ன இன்ஜின் உள்ள கார் என்றால் இன்னும் கஷ்டம்.

ஆகவே இங்கே சீக்கிரமே பிரேக் பிடித்துவிடுங்கள். இது ரொம்ப முன்னாடியோ என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். கன்ட்ரோலரில் பிரேக்குக்கான L2 பட்டனை அழுத்தமாகப் பிடித்து, கார் திரும்ப ஆரம்பிக்கும்போது மெல்ல மெல்ல விடுங்கள். சட்டென்று விட்டால் முன்பக்கத்தின் எடை எழும்பி, முன் டயர்கள் பிடியை இழக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. வளைவின் உள்விளிம்பைத் தொடும் புள்ளியை வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உள்விளிம்பைத் தொடும்போதே சாலையின் நீளம் முன் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரிந்தால் R2-வை, அதாவது ஆக்ஸிலரேட்டர் பட்டனை, அழுத்த ஆரம்பியுங்கள். ஒரே அடியாக அல்ல, ஸ்டியரிங் நேராகும் அளவுக்கு ஏற்ப. கை நேராகும்போது விரல் இறங்க வேண்டும். இரண்டையும் ஒரே கயிறு இழுக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்திய பிறகு R2-வை ஒரு முறை விட வேண்டி வந்தாலும், நீங்கள் அவசரப்பட்டு அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். இதுதான் நான் எனக்கு வைத்துக்கொண்ட சோதனை. எந்த வளைவுக்கும் இது பொருந்தும்.

காருசெல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இடது பக்கம் திரும்பும் நீண்ட வளைவு. உள்பக்கம் கிண்ணம் போலச் சரிந்த கான்கிரீட். உள்ளே நுழையும் இடம் கண்ணுக்கே தெரியாது. கான்கிரீட்டுக்குள் இறங்கிவிட்டால் அதுவே உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். கார் தடதடவென்று அதிரும், கன்ட்ரோலரும் சேர்ந்து அதிரும். பதற்றத்தில் ஸ்டியரிங்கை அசைக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்திருங்கள். வெளியே வரும்போது கார் தானாக வலப்பக்கம் ஏறும்; அதைத் தடுக்க வேண்டாம்.

அடுத்து ஹோஹே ஆக்ட், டிராக்கிலேயே உயரமான பகுதி. அதன் பிறகு வருகிற ஃப்ளான்ஸ்கார்டனில் மேட்டின் மேல் கார் லேசாகி மிதக்கும். சக்கரம் தரையைத் திரும்பத் தொடும் நேரத்தில் ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கார் சுழலும். வேறு ரகசியம் இல்லை.

அப்புறம் கால்கென்கோப்ஃப். இதுவும் வலது வளைவு. இதைத் தாண்டினால் டோட்டிங்கர் ஹோஹே, இந்த டிராக்கின் மிக நீளமான நேர்சாலை. பெர்க்வெர்க்கில் சொன்னதெல்லாம் இங்கேயும் அப்படியே. ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே வந்து சேரும்போது நீங்கள் களைத்திருப்பீர்கள். பல நிமிடங்கள் கண் இமைக்காமல் ஓட்டியிருப்பீர்கள். திரையில் கோல்டு நேரத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணை இழுக்கும். அதைப் பார்க்காதீர்கள். பார்த்த முறையெல்லாம் நான் இங்கே வெளியே போயிருக்கிறேன்.

[திரையில்: எனது பதிவு. கால்கென்கோப்ஃப் நெருங்குகிறது.]

இது எனக்குக் கோல்டு கிடைத்த சுற்று. ஆடெனாவர் ஃபார்ஸ்டில் எவ்வளவு முன்னாலேயே பிரேக் பிடித்திருக்கிறேன் என்று முன்பே பார்த்தீர்கள். அங்கே என் கோஸ்ட் கார், அதாவது என் பழைய சுற்றை நிழல் போல ஓட்டிக் காட்டும் கார், என்னைத் தாண்டிப் போனது. பெர்க்வெர்க் முடிந்து ஏற்றத்தின் பாதியில் நான் அதைப் பிடித்தேன். இப்போது வளைவு வருகிறது. பிரேக். விடுகிறேன், மெதுவாக. உள்விளிம்பு. சாலை தெரிகிறது. R2 அடி வரை போய்விட்டது, இனி அதை விடப்போவதில்லை. இடப்பக்கம் பாருங்கள், கோஸ்ட் பின்னால் நழுவுகிறது.

[திரையில்: நீண்ட நேர்சாலை, இருபுறமும் மரங்கள். பேச்சு இல்லை, இன்ஜின் சத்தம் மட்டும், கோடு வரை.]