பழுதில்லாமலும் விழும்

நேயர்களுக்கு வணக்கம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்த பிறகு, கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களைத் தேடச் சொல்லிக் குமரி மாவட்டத்தின் குழித்துறை ரயில் நிலையத்தில் நம் மக்கள் திரண்டு உட்கார்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இனி அந்தத் தேடலுக்குத் தானே பறக்கும் ட்ரோன்கள் வரும். வரத்தான் வேண்டும். ஆனால் அவை எப்படியெல்லாம் விபத்தில் சிக்கும் என்பதை முன்கூட்டியே அலசிப் பார்த்தாக வேண்டும்.

எந்தப் பாகம் கெடும், கெட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது பழைய முறை. அது தேவைதான், ஆனால் போதாது. லயன் ஏர் விமானம் 2018 அக்டோபரிலும், எத்தியோப்பியன் விமானம் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தார்கள். இரண்டுமே போயிங் 737 மேக்ஸ். ஒரே ஒரு உணரி தவறான அளவைக் கொடுத்தது. மென்பொருளோ பழுதாகவில்லை; எழுதிவைத்தபடியே விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் நான்சி லெவ்சன் உருவாக்கிய எஸ்டிபிஏ என்ற ஆபத்து அலசும் முறை வேறு இடத்தில் தொடங்குகிறது. எந்த இழப்பு நடக்கக்கூடாது என்பதை முதலில் எழுது. பிறகு ஒவ்வொரு கட்டளையையும் எடுத்துக் கேள்: கொடுக்க வேண்டியபோது கொடுக்காவிட்டால்? கொடுக்கக்கூடாதபோது கொடுத்தால்? முந்தியோ பிந்தியோ போனால்? பாதியில் நின்றால், அல்லது நிற்காமல் நீண்டால்?

தேங்காப்பட்டணத்துக்கு அப்பால் ஒரு வள்ளத்திலிருந்து ட்ரோனை ஏவுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘திரும்பி வா’ என்ற ஒரே கட்டளையைப் பாருங்கள். ஏவிய இடத்தை அது ஜிபிஎஸ்ஸில் குறித்துவைத்துக்கொள்ளும். வள்ளம் அங்கேயே நிற்குமா? நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும். ட்ரோன் சொன்ன இடத்துக்கு மிகச் சரியாக வந்து, வெறும் தண்ணீரில் இறங்கும். ஒரு திருகுகூடக் கழன்றிருக்காது.

அடுத்தது காற்று. எஞ்சின் நின்ற வள்ளத்தைக் காற்றும் ஒதுக்கும். ஆகவே தேடுகிற ட்ரோன் பெரும்பாலும் காற்று போகிற பக்கமே போகும். அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், காற்று 30 என்றால், போகும்போது 80, எதிர்த்து வரும்போது 20. ஐந்து நிமிடத்தில் போன தூரத்துக்குத் திரும்பிவர இருபது நிமிடம் வேண்டும். மொத்தமே இருபது நிமிடம் தாங்கும் பேட்டரி என்றால், முக்கால்வாசி சார்ஜ் மீதி இருக்கும்போதே அது வள்ளத்துக்குத் திரும்பி வந்து சேராது என்று முடிவாகிவிட்டது. சார்ஜ் 30 சதவீதத்துக்கு இறங்கியதும் திரும்பச் சொல்வது, காற்றில்லாத மைதானத்துக்கான கணக்கு. ஆடிக்காற்று பார்த்த நமக்கு அது ஒத்துவராது.

இதற்கு வழி இருக்கிறது. திரும்பும் நேரத்தைச் சார்ஜை மட்டும் வைத்து அல்லாமல், காற்றையும் தூரத்தையும் சேர்த்து ட்ரோனே நொடிக்கு நொடி கணக்கிடலாம். வள்ளம் தன் இருப்பிடத்தை அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். ஆனால் கேள்வி எழுந்தால்தானே வழி பிறக்கும்? அலையில் ஆடும் வள்ளத்தில் ட்ரோனைக் கையால் பிடிக்கப் போனால், சுழலும் இறக்கை விரலை வெட்டும். இதை மேசையில் உட்கார்ந்து அலசுபவருக்கு யார் சொல்வது?

அதனால்தான் கேட்கிறேன். நம் கரைக்கு இப்படி ஒரு ட்ரோனை வாங்கும் முன், ஆபத்து அலசும் கூட்டத்தில் கடலுக்குப் போகிற இரண்டு பேராவது உட்கார வேண்டும். ‘திரும்பி வா’ என்பதை யார் சொல்வது, மனிதரா இயந்திரமா, இருவரும் முரண்பட்டால் யார் பேச்சு செல்லும் என்பதை அவர்கள் முன்னிலையில் எழுதி முடிவு செய்யட்டும். நன்றி, வணக்கம்.