பாய்காட் என்பது ஓர் ஆளின் பெயர்! அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் பிறந்த சொல்

(திரையில்: மழையில் ஊறிக் கிடக்கும் கிழங்கு வயல். ஓரத்தில் ராணுவக் கூடாரங்கள்.)

இந்த வயலில் இருந்த விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுண்டு. அதை அறுத்து வீடு சேர்க்க ஆன செலவு சுமார் 10,000 பவுண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதெல்லாம் இந்தக் கணக்குக்கு முன்னால் லாபம்தான்!

இது நடந்தது 1880இல், அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் மேயோ கவுண்டியில். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். நிலமெல்லாம் பெரிய பிரபுக்கள் கையில், உழுபவன் வெறும் குத்தகைக்காரன். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் 1841க்கும் 1851க்கும் இடையே மேயோவின் மக்கள்தொகையில் கால் பங்குக்கு மேல் காணாமல் போனது, பலர் செத்து, பலர் கப்பலேறி. 1879இல் மறுபடியும் மோசமான விளைச்சல். அந்த அக்டோபரில் நில லீக் என்ற விவசாயிகள் அமைப்பு தொடங்கியது. அதற்கு மூளையாக இருந்த மைக்கேல் டேவிட் இதே மேயோவில் பிறந்தவர், சின்ன வயதில் குடும்பத்தோடு நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர். முடிந்தது பின்னணி.

சரி, இப்போது நம்ம ஆள். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர், மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட், அதாவது குத்தகை வசூலிக்கும் காரியக்காரர். விளைச்சல் போச்சு, குத்தகையில் கால் பங்கு குறையுங்கள் என்றார்கள் விவசாயிகள். பத்து சதவீதம்தான் என்றார் பிரபு. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் அனுப்பினார் பாய்காட். ஊர்ப் பெண்கள் சேறும் சாணியும் வீசி அவனைத் துரத்திவிட்டார்கள்!

அதே மாதம் நில லீக்கின் தலைவர் பார்னெல், கிளேர் கவுண்டியில் நடந்த கூட்டத்தில் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: துரத்தப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்பவனைச் சுடாதீர்கள், அவனோடு பேசாதீர்கள், கடையில், சந்தையில், கோயிலில்கூட ஒதுக்கி வையுங்கள். ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அதேதான். ஆனால் நம் ஊரில் அது பெரும்பாலும் வலுத்தவன் இளைத்தவன்மேல் எடுக்கும் ஆயுதம். மேயோவில் அதை அப்படியே திருப்பிப் பிடித்தார்கள், எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்த இடம்தான்.

பாய்காட் வீட்டு வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் வரவில்லை, துணி துவைக்க ஆளில்லை, பக்கத்து ஊர் பாலின்ரோப் கடைகளில் சாமான் கிடையாது. தபால்கூட வராமல் போக, அதை எடுத்துவரும் வேலை அவர் கூடப்பிறந்தவரின் மகன் தலையில் விழுந்தது. யாரும் அவரைத் தொடவில்லை, யாரும் பேசவும் இல்லை. கிழங்கு மண்ணுக்குள் கிடந்தது.

அவர் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், இங்கிலாந்தே கொதித்தது. வடக்கே கேவன், மோனகன் கவுண்டிகளிலிருந்து 50 பேர் அறுவடைக்குக் கிளம்பி வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் சிப்பாய்களும் போலீஸும். ஓர் ஆளுக்கு இருபது பாதுகாவலர்! கிழங்கு தோண்டுவதற்கு! நவம்பர் மழையில் இரண்டு வாரம் இது நடந்தது. டிசம்பர் 1ஆம் தேதி பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். வண்டி ஓட்ட உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் போக வேண்டியதாயிற்று.

இப்போது அந்தச் சொல். உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ'மாலி ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒதுக்கிவைப்பதற்கு ஆங்கிலத்தில் இருந்த சொல் வாயில் நுழையாத கிரேக்கச் சொல், என் சனங்களுக்கு அது புரியாதே என்று யோசித்தவர், பேசாமல் 'பாய்காட் பண்ணுவது' என்று வைத்துக்கொண்டால் என்ன என்றார். கொஞ்ச நாளில் பிரெஞ்சு, ஜெர்மன் என்று பரவி, இன்றைக்கு நம் சோஷியல் மீடியா சண்டைவரை வந்து நிற்கிறது. நம்ம பாய்காட் பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் பாய்கேட், சின்ன வயதில்தான் எழுத்தை மாற்றினார்களாம். மாற்றாமல் விட்டிருந்தால் நாமெல்லாம் பாய்கேட் பண்ணிக்கொண்டிருப்போம்!

(திரையில்: கடற்கரைக் கோட்டை. பிறகு பழுப்புநிறக் கரிச்சதுப்பு.)

மேயோவில் இன்னும் நிறைய இருக்கிறது. 1593இல் எலிசபெத் ராணியை நேரில் போய்ப் பார்த்த கடல் தலைவி கிரேஸ் ஓ'மாலி இந்தக் கரைக்காரர். வடக்கே கேய்டே வயல்கள்: 1930களில் எரிக்கக் கரிமண் வெட்டிய ஒரு பள்ளி ஆசிரியர், அடியில் கற்கள் வரிசையாகக் கிடப்பதைக் கவனித்தார். பிற்பாடு தொல்லியல் படித்த அவர் மகன் இரும்புக் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்தே மைல்கணக்கில் சுவர்களைத் தடம்பிடித்தார். ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய வரப்புகள்!

ஓ'மாலியா, வரப்பா, அடுத்த வீடியோ எது என்று கமெண்டில் போடுங்கள். சப்ஸ்கிரைப் பண்ணாமல் போகிறவர்களை என்ன செய்வோம் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.