தங்கத் துகளும் ரத்தத்தின் நெரிசலும்

நேயர்களுக்கு வணக்கம்.

தங்கம் என்றால் மஞ்சள் என்றுதானே நமக்குப் பழக்கம்? ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு சிறிய தங்கத் துகள்கள் நீரில் மிதந்தால், அந்த நீர் மாணிக்கம் போலச் சிவந்திருக்கும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்பை ஆராய்ந்து, தங்கம் மிக நுண்ணிய துகளாக இருப்பதுதான் காரணம் என்று சொன்னார். ஒளி பட்டதும் துகளுக்குள் உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து ஊஞ்சலாடுகின்றன. அந்த ஆட்டம் பச்சை ஒளியை விழுங்கிக்கொள்ள, மிச்சமாகும் சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கினால் ஆட்டத்தின் தாளம் மாறும். சிவப்பு நீலத்தை நோக்கி நகரும்.

புற்றுநோயின் தடயத்தை ரத்தத்தில் தேடுபவர்களுக்கு இந்த நகர்வுதான் கைகொடுக்கிறது. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். அதை மட்டுமே பிடிக்கும் ஆன்டிபாடிகளைத் துகள்களின் மேல் ஒட்டவைக்கிறார்கள். ஒரே பிஎஸ்ஏவை இரண்டு துகள்கள் இரு பக்கமும் பற்றிக்கொண்டால், துகள்கள் நெருங்கிவிடும், நிறம் நகரும். கண்ணுக்குத் தெரியாத சிறு நகர்வைக்கூட நிறமாலைமானி கண்டுகொள்ளும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தோன்றும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் தங்கத் துகள்தான்.

சரி, சோதனைக் குழாயில் இருக்கும் சுத்தமான உப்புக் கரைசலில் இதெல்லாம் அழகாக நடக்கிறது. ரத்தத்தில் நடக்குமா?

ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் ஏறக்குறைய 7 கோடி நானோகிராம் புரதம் இருக்கிறது. பிஎஸ்ஏ 4 நானோகிராமைத் தாண்டினாலே மருத்துவர்கள் பொதுவாகக் கவனிக்கத் தொடங்குவார்கள். அதாவது ஒன்றே முக்கால் கோடிப் பேர் கூடிய திருவிழாவில் ஒரே ஒரு முகத்தைத் தேடுகிற வேலை இது. அந்தக் கூட்டமும் சும்மா நிற்பதில்லை. ரத்தப் புரதங்கள் வந்து துகளின் மேல் போர்வையாகப் படிந்து, ஆன்டிபாடிகளை மூடிவிடுகின்றன. அதைத் தடுக்கத் துகளுக்கு முன்கூட்டியே ஒரு பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள். அப்புறம் ஹீமோகுளோபின்! தங்கத் துகள் விழுங்கும் அதே பச்சை ஒளியை அதுவும் விழுங்கும். அதனால் சிவப்பணுக்களைப் பிரித்து எடுத்துவிடுவார்கள்; இல்லையென்றால் உருண்டைத் துகளுக்குப் பதில் நீண்ட தங்கக் குச்சிகளைப் பயன்படுத்தி, ரத்தம் அதிகம் உறிஞ்சாத அகச்சிவப்புப் பக்கம் அளவீட்டை நகர்த்துவார்கள். இப்படிப்பட்ட ஒரு கருவியைப் பற்றிய செய்தி வந்தால், எவ்வளவு நுட்பமாக அளக்கிறது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. உப்புக் கரைசலில் அளந்தார்களா, நோயாளியின் ரத்தத்தில் அளந்தார்களா என்றுதான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிஎஸ்ஏ கூடியிருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும் அது உயரும். சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ-125 என்ற குறிப்பான், மாதவிடாய் நாட்களிலேயே கூடலாம். கருவியை எவ்வளவு கூர்மையாக்கினாலும் இந்தக் குழப்பம் தீராது. எண்ணைப் பார்த்து யாரும் பயந்துபோக வேண்டாம். ஸ்கேனும் பயாப்சியும் முடிந்த பிறகுதான் பதில் தெரியும்.

அப்படியானால் இந்தக் கூர்மை யாருக்குப் பயன்படும்? புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டையே அகற்றிக்கொண்டவருக்கு. அவர் உடலில் பிஎஸ்ஏ கிட்டத்தட்ட இல்லாமல் போக வேண்டும். சிறிதாக ஏறத் தொடங்கினால், நோய் திரும்புகிறது என்று சந்தேகிக்க வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்க்கினின் குழு, அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் ரத்தத்தைத் தங்க நானோ துகள்களைக் கொண்டு சோதித்தது. வழக்கமான பரிசோதனையைவிடச் சுமார் 300 மடங்கு நுட்பம். 'அளக்க முடியாத அளவு' என்று சாதாரண அறிக்கை சொல்லியிருந்த இடத்தில், இந்த முறை ஓர் எண்ணைக் காட்டியது. சிலருக்கு அந்த எண் ஏறாமல் அப்படியே நின்றது. சிலருக்கு மெல்ல ஏறியது.