மேடைக்கு ஒரு பேச்சு, நீதிமன்றத்துக்கு ஒரு பேச்சு

நண்பர்களே, வணக்கம்.

2018 டிசம்பர் 11 அன்று வாஷிங்டனில் நடந்த ஒரு விசாரணையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவின் முன்னால், கூகுள் நிறுவனத்தின் தலைமை அதிகாரி, மதுரையில் பிறந்த நம் சுந்தர் பிச்சை சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். முட்டாள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கூகுளில் கொடுத்துப் படம் தேடினால் அதிபர் டிரம்பின் முகம் வருகிறதே, அது எப்படி என்று ஜோ லோஃப்கிரன் என்ற உறுப்பினர் கேட்கிறார். பொருத்தம், புதுமை, மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்ட குறிப்புகளைப் பார்த்து அல்காரிதம்தான், அதாவது கணினிக்கு எழுதிவைத்த விதிமுறைதான், வரிசைப்படுத்துகிறது என்கிறார் பிச்சை. அப்படியென்றால் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்துகொண்டு பொறுக்கிப் போடவில்லை, அப்படித்தானே என்று உறுப்பினர் கேலியாக முடிக்கிறார்.

அன்று கூத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்டீவ் கிங் என்ற உறுப்பினர், தம் பேத்தியின் கைப்பேசியில் தம்மைப் பற்றி வேண்டாத படம் வந்தது ஏன் என்று கேட்டார். ஐபோன் வேறு நிறுவனத்தின் தயாரிப்பு என்று பிச்சை பணிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தம்மைப் பற்றிய செய்திகளைக் கூகுளில் தேடினால் 96 சதவீதம் இடதுசாரி ஊடகங்களே வருகின்றன என்று டிரம்ப் குற்றம் சாட்டியிருந்தார். வலதுசாரி இணையதளம் ஒன்றின் எழுத்தாளர் தாமே தேடிப் பார்த்துப் போட்ட கணக்கு அது. இது அறிவியல் ஆய்வு அல்ல என்று எழுதியவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆகவே கூகுள் இடமா, வலமா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஒரே நிறுவனம் தன்னைப் பற்றி இடத்துக்கு இடம் என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஓக்லஹோமாவில் சர்ச் கிங் என்றொரு நிறுவனம் இருந்தது. தன் பக்கத்தின் தரமதிப்பைக் கூகுள் வேண்டுமென்றே குறைத்துவிட்டது என்று அது வழக்குப் போட்டது. அங்கே கூகுளின் வாதம் என்ன தெரியுமா? தரவரிசை என்பது எங்கள் கருத்து. கருத்துச் சொல்ல எங்களுக்கு அரசியலமைப்பு உரிமை இருக்கிறது என்பதுதான். 2003இல் நீதிமன்றம் அதை ஏற்று வழக்கைத் தள்ளிவிட்டது. குழுவின் முன்னால் நின்றால் இயந்திரம்; நீதிபதியின் முன்னால் நின்றால் கருத்து! கருத்து என்றால் அது யாரோ ஒருவருடைய கருத்தாகத்தானே இருக்க வேண்டும்?

இந்த வாதம் எங்கே கொண்டு போய் விட்டது என்பதற்கு 2014ஆம் ஆண்டு நியூயார்க் வழக்கைச் சொல்லலாம். சீனாவின் ஜனநாயக இயக்கம் பற்றி எழுதும் எட்டுப் பேர், சீனத் தேடுபொறியான பைடூ தங்கள் எழுத்துகளை அமெரிக்காவில்கூடத் தேடினால் கிடைக்காமல் மறைக்கிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். பத்திரிகை ஆசிரியர் எதைப் போடுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதைப் போன்றதுதான் இதுவும் என்று நீதிபதி ஜெஸ்ஸி ஃபர்மன் தள்ளுபடி செய்தார். ஜனநாயகம் பேசியவர்களை மறைக்கும் உரிமையைப் பேச்சுரிமைச் சட்டமே காத்தது. இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இயந்திரத்தில் கை வைப்பதே இல்லை என்ற பேச்சையும் சோதித்துப் பார்க்கலாம். 2003இல் குறும்புக்காரர்கள் சிலர் கூடி, 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்கு ஏராளமாக இணைப்புக் கொடுத்தார்கள். அதனால் அந்தச் சொற்களைக் கூகுளில் தேடினால் அவர் பக்கமே முதலில் நின்றது. அடுத்த ஆண்டு, யூதர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடியவர்களுக்கு யூத வெறுப்பைப் பரப்பும் தளம் ஒன்று மேலே வந்தது. எங்களுக்கும் வருத்தம்தான், ஆனாலும் வரிசையை மாற்ற மாட்டோம் என்று கூகுள் ஒரு விளக்கக் குறிப்பை மட்டும் அந்தப் பக்கத்தில் வைத்தது. புஷ் விவகாரத்தில் 2007 ஜனவரியில் அந்தக் குறும்பு பலிக்காதபடி செய்தார்கள். கையால் நீக்கவில்லை, அல்காரிதத்தைத்தான் திருத்தினோம் என்றார்கள். அல்காரிதத்தைத் திருத்தியது எது, காலா?

திருத்தியது குற்றம் என்று நான் சொல்லவில்லை. எதைத் திருத்தலாம், எதை விட்டுவிடலாம் என்று யாரோ முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்கு நடுநிலை என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

பணம் வரும் இடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம், தேடலில் பாரபட்சம் காட்டியதாகக் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார் கொடுத்தவர்களில் ஒருவர் நம் சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனத்தார். விமானப் பயணத்தைத் தேடுகிறவர்களுக்குக் கூகுள் தன் சொந்தச் சேவையை எடுப்பாக வைத்தது என்பது ஆணையம் கண்ட குறைகளில் ஒன்று. விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயவே செய்யும் என்று 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எச்சரித்திருந்தது. எழுதியவர்கள் அப்போது ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த செர்கே பிரின், லாரி பேஜ். ஆம், கூகுளைத் தொடங்கியவர்களேதான்.

விமானச் சீட்டில் சாய்ந்தவர்கள் தேர்தலிலும் சாய்ந்திருப்பார்கள் என்று நான் தாவ மாட்டேன். ராபர்ட் எப்ஸ்டைனும் ரொனால்டு ராபர்ட்சனும் 2015இல் வெளியிட்ட ஆய்வை இங்கே பலரும் காட்டுவார்கள். 2014 மக்களவைத் தேர்தலின்போது, யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத இந்திய வாக்காளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்தும் அவர்கள் சோதனை நடத்தினார்கள். வரிசையை மாற்றினால் மனமும் மாறுகிறது என்று கண்டார்கள். ஆனால் அதில் பயன்பட்டது ஆய்வாளர்களே உருவாக்கிய போலித் தேடுபொறி. கத்தி வெட்டும் என்று அது நிரூபிக்கிறது. கூகுள் வெட்டியது என்று நிரூபிக்கவில்லை.

மளிகைக் கடைக்காரர் நல்லவரா என்று நாம் ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. அவருடைய தராசில் முத்திரை இருக்கிறதா என்று ஆய்வர் வந்து பார்க்கிறார். எடைக்குப் படிக்கல் உண்டு, செய்தி வரிசைக்கு அப்படி ஒரு படிக்கல் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்களைச் சொல்லச் சொல்லலாம், வெளியாள் ஒருவரைத் தணிக்கை செய்யச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டம் அதைத்தான் முயல்கிறது. 2023 ஏப்ரலில் கூகுள் தேடலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கும் அதன் மிகப் பெரிய தேடுபொறிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு முறையாவது சுதந்திரமான தணிக்கை அவற்றுக்குக் கட்டாயம். அந்தத் தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பது யார் என்று சட்டத்தைப் புரட்டினேன். தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமேதான்.