ஆறு வயசுக்கு ஒரு ஆட்டம், பதினாறு வயசுக்கு வேற ஆட்டம்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி மைக் கேக்குதா? சரி. பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்தப் பைய தொறந்துடறேன், இதுல மூணு ஃபுட்பால் இருக்கு, இது 3-ம் நம்பர், இது 4, இது 5, நம்பர் ஏற ஏற பந்து பெருசு. டிவில நீங்க பாக்கற மேட்ச் எல்லாம் இந்த 5-ம் நம்பர்ல தான் ஆடறாங்க, சுத்தளவு 68-லேர்ந்து 70 சென்டிமீட்டர், எடை 410-லேர்ந்து 450 கிராம். முன் வரிசைக்கு அனுப்பறேன், கைல வாங்கிப் பாருங்க. கனமாவே தெரியாது உங்களுக்கு. இப்ப ஒரு கணக்கு போடுங்க. ஆறு வயசுப் பிள்ளை 20 கிலோ இருக்குன்னு வைங்க, அதுக்கு 430 கிராம் பந்துன்னா 70 கிலோ இருக்கற ஆளுக்கு அது ஒன்றரை கிலோ பந்து. ஒன்றரை கிலோவ உதைச்சு 20 மீட்டர் பாஸ் போடுங்கன்னு உங்கள சொன்னா என்ன பண்ணுவீங்க, கால புடிச்சுட்டு உக்காந்துருவீங்க. கோல் போஸ்ட்டும் அதே கதை தான், பெரியவங்க போஸ்ட் உயரம் 2.44 மீட்டர், அகலம் 7.32. அதுக்குக் கீழ 1.2 மீட்டர் இருக்கற ஒரு பொடியன நிக்க வச்சுட்டு, தலைக்கு மேல போன பந்துக்கு "ஏண்டா குதிக்கல"ன்னு கத்தறோம்.

நானும் கத்தியிருக்கேன். அத மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

நான் கோச்சிங் ஆரம்பிச்ச முதல் வருஷம், 14 பிள்ளைங்க, எல்லாம் ஆறு ஏழு வயசு. நான் பெரியவங்களோட ஆடி வளந்த ஆளு, எனக்குத் தெரிஞ்ச டிரில் எல்லாம் பெரியவங்க டிரில். கோன் வச்சு, வரிசையா நிக்க வச்சு, முன்னாடி நிக்கறவன் மட்டும் பந்தோட போய் கோல் அடிச்சுட்டு வந்து கடைசில நிக்கணும், பாக்க ரொம்ப அழகா இருக்கும், ஓரத்துல நிக்கற பேரண்ட்ஸ் "கோச் சார் டிசிப்ளினா நடத்தறாரு"ன்னு பேசிக்குவாங்க. எனக்கு ஹெல்ப்புக்கு வந்த பையன் ஒருத்தன் ஒரு நாள் சும்மா ஒரு பாப்பாவ மட்டும் எண்ணிட்டு வந்து சொன்னான், "சார், பத்து நிமிஷத்துல அது கால் பந்துல பட்டது ஆறே தடவ." அந்தப் பாப்பா மீதி நேரம் என்ன பண்ணுச்சுன்னா, உக்காந்து புல்லு பிடுங்கி ஜடை பின்னிட்டு இருந்துச்சு. முடிஞ்சு போறப்ப அந்த ஜடைய என் கைல குடுத்துட்டுப் போச்சு. நல்லாத்தான் பின்னியிருந்துச்சு, ஆனா அது கத்துக்க வந்தது அது இல்லையே!

அதுக்கப்புறம் நான் வரிசைய விட்டுட்டேன். இந்த வயசுக்கு, அதாவது அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும், ஆளுக்கொரு பந்து, நிறைய ஓட்டம், நிறைய விளையாட்டு, அவ்வளவு தான். பந்த உருட்டிட்டுப் போ, நான் கைதட்டினா நிறுத்து, அடுத்தவன் பந்த தட்டி விடு, உன்னோடத காப்பாத்திக்கோ. மேட்ச்னு விட்டா என்ன நடக்கும்னு உங்க எல்லாருக்கும் தெரியும், பந்து எங்க இருக்கோ அங்க மொத்தப் படையும் ஈ மொய்ச்ச மாதிரி மொய்க்கும். ஓரத்துலேர்ந்து "ஸ்ப்ரெட் ஆகு, பாஸ் பண்ணு"ன்னு கத்துவோம். ஏன் பாஸ் பண்ணணும்? அந்தப் பிள்ளைக்கு பந்துங்கறது கைல கெடச்ச பொம்மை, இப்பத்தான் கஷ்டப்பட்டு புடுங்கியிருக்கு, அத தூக்கி அடுத்தவனுக்குக் குடுன்னா எப்படிக் குடுக்கும். இன்னொருத்தன் எங்க நிக்கறான், அவனுக்கு என்ன தெரியுதுன்னு யோசிக்கற புத்தி அந்த வயசுல இன்னும் முழுசா வரல. சுயநலமா ஆடட்டும், விடுங்க. டிரிபிள்னா பந்த கால்லயே உருட்டி ஆள தாண்டறது, இப்ப டிரிபிள் பண்ணப் பயந்த பிள்ளை பதினாலு வயசுல டிரிபிள் பண்ணாது.

ஜெர்மனில இத சட்டமாவே கொண்டு வந்துட்டாங்க. 2024-25 சீசன்லேர்ந்து சின்னப் பிள்ளைங்களுக்கு 2-க்கு-2, 3-க்கு-3 மாதிரி சின்ன ஆட்டம் தான், நாலு மினி கோல், கோல்கீப்பர் கிடையாது, கோல் விழுந்தா ரெண்டு டீம்லயும் ஆள் மாத்தணும். நாலு கோல் வச்ச இந்த ஆட்டத்துக்கு ஃபுனினோன்னு பேரு, ஹோர்ஸ்ட் வைன்னு ஒரு ஜெர்மன் கோச் உருவாக்கினது. நாலு கோல் எதுக்குங்கறீங்க? ஒரு பக்கம் கூட்டமா இருந்தா இன்னொரு பக்க கோல் காலியா இருக்கும், நாம வாய தொறந்து சொல்லாமலே பிள்ளை தலையத் தூக்கிப் பாக்கும். நான் ரெண்டு வருஷமா கத்தி சொல்லிக் குடுக்க முடியாதத ரெண்டு எக்ஸ்ட்ரா கோல் சொல்லிக் குடுத்துருச்சு, கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு. அமெரிக்கால எட்டு வயசு வரைக்கும் 4-க்கு-4, அப்புறம் 7-க்கு-7, 9-க்கு-9, பதிமூணுல தான் 11-க்கு-11.

ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கோச்சுக்கு சந்தோஷமான காலம். கால் சொன்னத கேக்கும், காதும் சொன்னத கேக்கும். ரெண்டு காலும், முதல் டச், திரும்பறது, பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளுக்குப் பின்னாடி ஒரு தடவ எட்டிப் பாக்கறது, எல்லாம் இங்க தான் படியும். ஒரே ஒரு விஷயத்துல நான் கறாரா இருப்பேன், எந்தப் பிள்ளையையும் ஒரே பொசிஷன்ல நிறுத்தக் கூடாது. உயரமா இருக்கான்னு டிஃபன்ஸ்ல போடறீங்க, ரெண்டு வருஷத்துல பக்கத்துல நிக்கறவன் எல்லாம் வளந்துருவான், அப்ப இவனுக்கு பந்த வெளிய உதைக்கறத தவிர ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஹெட்டிங். அமெரிக்கால 2015-லயே பத்து வயசும் அதுக்குக் கீழயும் தலையால முட்டவே கூடாதுன்னு முடிவெடுத்தாங்க, 11-லேர்ந்து 13 வரைக்கும் பிராக்டிஸ்ல அளவோட தான். இங்கிலாந்துலயும் 2024-25-லேர்ந்து சின்ன வயசு மேட்ச்ல ஹெட்டிங்க படிப்படியா நிறுத்திட்டு வர்றாங்க. மூளை விஷயம், நாம விஷப்பரீட்சை பண்ண வேண்டாம்.

இனிமே சொல்லப் போறது தான் எனக்கு முக்கியம். பதிமூணு பதினாலு வயசு. என்கிட்ட ஒருத்தன் இருந்தான், பன்னெண்டு வயசுல பந்து அவன் கால்ல ஒட்டிட்டே இருக்கும். லீவ் முடிஞ்சு வந்தான், பேன்ட் கணுக்காலுக்கு மேல நிக்குது, சிம்பிள் பாஸ வாங்கினா மூணு அடி தள்ளிப் போகுது, திரும்பறப்ப தன் கால் தடுக்கி தானே விழறான். நான் என்ன நெனச்சேன்? லீவ்ல ஃபோனே கதின்னு இருந்துருக்கான், சோம்பேறி ஆயிட்டான். கூட நாலு ரவுண்டு ஓட விட்டேன். ரெண்டு வாரத்துல நொண்டிட்டு வந்து நின்னான், முழங்காலுக்குக் கீழ எலும்புல ஒரு மேடு, தொட்டா கத்தறான். டாக்டர் பாத்துட்டு சொன்னாரு, எலும்பு வேகமா வளருது, தசை அந்த வேகத்துக்கு ஈடு குடுக்கல, தசைநார் அந்த எடத்த இழுத்துட்டே இருக்கு, ஓட்டத்தையும் குதிக்கறதையும் கொறைங்கன்னு. ஆஸ்குட்-ஷ்லாட்டர்னு பேரு. அதவிடக் கொஞ்சம் சின்ன வயசுல இதே மாதிரி குதிகால்ல வரும். வளர்ச்சி உச்சத்துல இருக்கறப்ப ஒரு பையன் வருஷத்துக்கு 9, 10 சென்டிமீட்டர் கூட வளருவான், பொண்ணுங்களுக்கு அது சராசரியா 12 வயசு வாக்குல, பசங்களுக்கு 14 வாக்குல. காலு புதுசு, மூளைக்கு பழைய காலோட கணக்கு தான் ஞாபகம் இருக்கு. அவனுக்கு ஓய்வு தேவப்பட்ட நேரத்துல நான் ஓட விட்டேன், இன்னைக்கும் அது உறுத்துது. அதுலேர்ந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவ செவுத்துல நிக்க வச்சு உயரம் அளந்து நோட்ல எழுதறேன், திடீர்னு ஏறினா அவனுக்கு ஓட்டமும் குதிக்கறதும் கம்மி. நூறு ரூபா டேப் கூட வேணாம், செவுத்துல பென்சில் கோடு போதும்.

இதே வயசுல தான் இன்னொரு அநியாயமும் நடக்குது. ஒரே பிறந்த வருஷம், ஒரே டீம், ஒருத்தன் ஜனவரில பொறந்தவன், இன்னொருத்தன் டிசம்பர், கிட்டத்தட்ட ஒரு வயசு வித்தியாசம். அதுக்கு மேல ஒருத்தன் மீச மொளச்சு நிக்கறான், ஒருத்தன் இன்னும் குழந்தை. செலக்‌ஷன்ல யார எடுப்போம்? கோச்சுங்க திறமைய பாத்து எடுக்கறதா நெனச்சுட்டு பிறந்த தேதிய பாத்து எடுத்துட்டு இருக்கோம். ஹாரி கேன, லண்டன் கிளப் ஆர்சனலோட அகாடமி சின்ன வயசுலயே வேணாம்னு அனுப்பிச்சு, பின்னாடி இங்கிலாந்துக்கு அதிக கோல் அடிச்சவரே அவரு தான். பிரான்ஸ் வீரர் கிரீஸ்மன் குள்ளமா ஒல்லியா இருக்காருன்னு அங்க பல கிளப் எடுக்கல, ஸ்பெயின் போய் வளந்தாரு, 2018-ல பிரான்ஸ் டீம்ல உலகக் கோப்பை ஜெயிச்சாரு. இந்தப் பேர எல்லாம் கேட்டுட்டு நம்ம பிள்ளையும் கேன் ஆயிடும்னு வீட்டுக்குப் போய் சொல்லிராதீங்க, அனுப்பப்பட்டவங்கள்ல முக்காவாசிப் பேரு பேரே நமக்குத் தெரியாது. நான் சொல்றது, பதிமூணு வயசுல நாம பாக்கறது பாதி படம் தான். இப்ப சில அகாடமில வயச விட்டுட்டு உடம்பு வளர்ச்சிய வச்சு குரூப் பிரிச்சு அப்பப்ப ஆட விடறாங்க, சீக்கிரம் வளந்தவனுக்கும் நல்லது, எதிர்ல அவன மாதிரியே பெரிய ஆளு நின்னா பலத்த வச்சு தப்பிக்க முடியாது, மூளைய யூஸ் பண்ணணும்.

பொண்ணுங்க டீம் நடத்தறவங்க கொஞ்சம் கவனிங்க. முழங்காலுக்குள்ள எலும்புகள சேத்துப் புடிக்கற ஏசிஎல்ங்கற நார் அறுந்து போறது பசங்கள விட பொண்ணுங்களுக்கு அதிகம், குறிப்பா இந்த வயசுக்கப்புறம். ஃபிஃபா 11 பிளஸ்னு ஒரு வார்ம்-அப் இருக்கு, 20 நிமிஷம், ஓட்டம், பேலன்ஸ், குதிச்சு முட்டி உள்ள மடங்காம இறங்கறது. காயம் நல்லா கொறையுதுன்னு ஆராய்ச்சில பாத்துருக்காங்க, ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவயாவது விடாம பண்ணணும். மேட்ச் அன்னைக்கு மட்டும் பண்ணா சும்மா தான்.

பதினாறுக்கு மேல பத்தி நான் அதிகம் பேசல. அங்க பொசிஷன், டாக்டிக்ஸ், ஜிம், ஜெயிக்கறது எல்லாம் வரலாம், வரணும். அதுக்கு நல்ல கோச்சுங்க நிறைய பேரு இருக்காங்க, சம்பளமும் அங்க தான் ஜாஸ்தி. ஆறு வயசுக் குழந்தைங்கள பாத்துக்க தான் ஆளில்ல, புதுசா வந்தவன அங்க தள்ளி விடறோம், என்னையும் அப்படித்தான் தள்ளினாங்க.

பேரண்ட்ஸ் இருக்கீங்கல்ல, ஒண்ணே ஒண்ணு. ஓரத்துல நின்னு கைதட்டுங்க, பேர சொல்லி கத்துங்க, ஆனா "ஷூட் பண்ணு, பாஸ் பண்ணு"ன்னு ரிமோட் மாதிரி ஓட்டாதீங்க. கால்ல பந்து இருக்கறப்ப நான் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொல்லி, பிள்ளை நடுவுல நின்னு உங்க மூஞ்சியப் பாக்குது, அதுக்குள்ள பந்து போயிடுது. வீட்டுக்குப் போற வழில மேட்ச் பத்தி அதுவா பேசினா பேசுங்க.

சரி, கேள்வியெல்லாம் வெளிய வச்சுக்கலாம். கிரவுண்டுல நாலு மினி கோல் வச்சுட்டுத்தான் வந்துருக்கேன், 3-க்கு-3, கீப்பர் கிடையாது. அந்த 5-ம் நம்பர் பந்து எந்த வரிசைல நிக்குது? அது வேணாம், உள்ளயே வச்சுருங்க, நான் 3-ம் நம்பர எடுத்துட்டு வர்றேன். ஷூ போட்டவங்க முதல்ல வாங்க.